பித்தளையில் ஒரு விரல் இடம்

மார்ச் 4, செவ்வாய்

நூலகத்திலிருந்து இரண்டு புத்தகம் எடுத்து வந்தேன். உலோகத்தில் கையால் பெயர் வெட்டக் கற்றுத் தருமாம் இரண்டும். ஒன்று தடி, ஒன்று பச்சை அட்டை. யாருக்கு என்று நூலகர் கேட்டார். எனக்குத்தான் என்றேன். நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் இந்த வேலையும் உண்டா என்றார். உண்டு என்று புளுகினேன். வேறென்ன சொல்ல?

விஷயம் இதுதான். அம்மா மாலையில் உட்காரும் பூங்காவில் தம்பிகள் அவள் நினைவாக ஒரு பெஞ்சு போட்டிருக்கிறார்கள். சாய்வுப் பலகையில் பித்தளைத் தகடு. மேலே அம்மா பெயர். கீழே ‘அன்பு மகன்கள்’ என்று போட்டு, ஒரே வரியில் இரண்டு பெயர். ஏழு வருஷம் சக்கர நாற்காலியை அந்தப் பூங்காவுக்குத் தள்ளிக்கொண்டு போனவள் பெயர் இல்லை. பெரிய தம்பியிடம் கேட்டேன்.

“இடம் பத்தலக்கா. நீதான் கூடவே இருந்தியே, உன்னைத் தெரியாதவங்க யாரு?”

கடைசி வரிக்குக் கீழே ஒரு விரல் அகலம் காலியாகக் கிடக்கிறது. விரலை வைத்தே அவனுக்குக் காட்டினேன்.

தகடு செய்த கடைக்காரர், ஆர்டர் கொடுத்தவர் வந்து சொன்னால்தான் எதையும் சேர்ப்பேன் என்றுவிட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்து, கையால் வெட்டத் தெரிந்தவர்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்து வெட்டிவிடுவார்கள் என்றார். சரி. தெரிந்தவளாக ஆகிவிடுகிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

‘உளியைச் சரியான கோணத்தில் தீட்டிக்கொள்க’ என்கிறது தடிப் புத்தகம். எது சரியான கோணம்? அடுத்த பத்தியில் மனுஷன் தன் குருவின் பெருமையைப் பேசப் போய்விட்டான். பச்சை அட்டை ஒரு கோணம் சொல்கிறது, கூடவே, ‘சந்தேகம் இருந்தால் அனுபவமுள்ள ஒருவரைக் கேட்கவும்.’ அனுபவமுள்ளவர் இருந்தால் உன்னை ஏன் தூக்கி வருகிறேன்?

மார்ச் 10, திங்கள்

உளி வழுக்கி இடது கட்டைவிரலில் ஏறிவிட்டது. கடையில் பிளாஸ்திரியைப் பார்த்து முதலாளி விசாரித்தார். விவரம் சொன்னேன், பெஞ்சை மட்டும் விட்டுவிட்டு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதும்மா என்றார். அவர் கண்ணாடி போடுகிற வேலையை அவருக்கு யார் சொல்லித் தந்தார்கள்? மாமனார். அவருக்கு மாமனார் இருந்தார்.

மார்ச் 23, ஞாயிறு

நேர்க்கோடு. இருநூறு போட்டிருப்பேன். முதல் நூற்றைம்பதும் கண்றாவி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் — நானும் உளியைத் திட்டினேன், தகட்டைத் திட்டினேன், விளக்கைத் திட்டினேன். கடைசியில் சாணைக்கல்தான் காரணம். கடையில் லென்ஸ் ஓரம் தேய்க்கிற நைஸ் கல்லில் தீட்டிப் பார்த்தேன். பித்தளை சுருள் சுருளாக எழுந்து வந்தது. யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போலிருந்தது. அம்மாவின் அறைக் கதவு வரை போய்விட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

அழுத்தினால் உளி மூக்கைக் குத்திக்கொண்டு நின்றுவிடும். இன்னும் அழுத்தினால் எகிறி ஓடும். தம்பியை நினைத்தால் அழுத்துகிறேன். நினைக்காமல் எப்படி?

ஏப்ரல் 20, ஞாயிறு

புத்தகத்தில் இருக்கிற இங்கிலீஷ் எழுத்தெல்லாம் கம்பும் கழியும். நம் எழுத்து ஒவ்வொன்றும் வளைந்து நெளிந்து உள்ளே போய்ச் சுழித்து வெளியே வருகிறது. ‘மகள்’ என்று மூன்றே எழுத்து வெட்ட வேண்டும், பிறகு என் பெயர். ‘ள’வின் சுழி இன்று பதினெட்டு முறை கெட்டது.

ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு புத்தகமும் ஒத்துப்போகின்றன: வளைவு வந்தால் கையைத் திருப்பாதே, தகட்டைத் திருப்பு. வலது கை அசையாமல் நிற்க, இடது கை தகட்டைச் சுழற்றித் தர வேண்டும். அதற்கு மணல் அடைத்த தோல் மெத்தை வேண்டுமாம். என் பழைய கைப்பையை அறுத்துத் தைத்தேன். தகடு அதன்மேல் வழுவழுவென்று சுற்றுகிறது.

மே 11, ஞாயிறு

சின்னவன் வெளிநாட்டிலிருந்து வீடியோவில் வந்தான். பெஞ்சின் போட்டோவை அலுவலகத்தில் எல்லோருக்கும் காட்டினானாம். ரொம்ப ஃபீலிங்கா இருந்துச்சுக்கா என்றான். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வந்து அம்மா தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டு போவான். தகட்டில் யார் யார் பெயர் இருக்கிறது, பார்த்தியா என்று கேட்டேன். எங்க பேருதான் என்றான். அவன் முகத்தில் கள்ளம் இல்லை. அதுதான் எரிகிறது.

மே 28, புதன்

ஒன்பது முறை தொடர்ந்து ‘மகள்’ வெட்டினேன். ஒன்பதும் சுத்தம்.

ஜூன் 1, ஞாயிறு

வெளிச்சம் வந்ததும் பூங்காவுக்குப் போனேன். பெஞ்சின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து ‘ம’வின் முதல் கோட்டை இறக்கினேன். அழகாக இறங்கியது. மூலை வந்ததும் இடது கை தானாகத் தகட்டைத் திருப்பப் போனது.

தகடு திரும்பவில்லை. பெஞ்சில் அடித்த தகடு எப்படித் திரும்பும்?

மூன்று மாதம். மூன்று மாதம் ஒரே ஒரு நாள்கூட இது தோன்றவில்லையே எனக்கு. தகட்டைத் திருப்பு, தகட்டைத் திருப்பு என்று படித்துப் படித்து — பெஞ்சையா திருப்புவேன்? சரி, நானே சுற்றி வருகிறேன் என்று இந்தப் பக்கம் சாய்ந்தேன், அந்தப் பக்கம் போய்க் குனிந்தேன், பெஞ்சில் ஏறித் தலைகீழாகத் தொங்கிக்கூடப் பார்த்தேன். நடைப்பயிற்சிக்காரர் ஒருவர் நின்று, ஏதாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஒற்றைக் கோட்டோடு திரும்பி வந்தேன். சாப்பிடவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

கடையில் ஒரு வாடிக்கையாளரின் கண்ணாடிக் காலுக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

சாயங்காலம் நேரே பூங்கா. தகட்டின் மூலைகளில் நகத்தால் சுரண்டினேன். பெஞ்சுக்குப் பூசிய வார்னிஷ் தகட்டு ஓரத்தையும் மூடியிருந்தது. அடியில் நாலு திருகாணி. கழற்ற இரண்டு நிமிஷம்.

பதினாறு வருஷமாகத் திருகாணியே பிழைப்பாக இருக்கிறவள், தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டிருக்கிறேன். மார்ச்சிலேயே கழற்றி, வேறு ஏதாவது கடையில் கொடுத்திருந்தால் மிஷினில் ஐந்து நிமிஷ வேலை. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல வந்தது. சரி, இப்போதாவது மிஷினுக்குக் கொடுக்கலாமே? மாட்டேன். கட்டைவிரல் தழும்பு யாருக்கு?

தகடு இப்போது மணல் மெத்தைமேல் இருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

பெரியவன் போன் செய்தான். தகட்டைக் காணோமாம், பித்தளை என்று எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டானாம். குரல் உண்மையிலேயே கம்மியிருந்தது. பாவமாகிவிட்டது எனக்கு. என்னிடம்தான் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவனே சொன்னான்:

“நீ கவலைப்படாதக்கா. புதுசுக்குச் சொல்லிட்டேன். அதே மேட்டர்தான், ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்துடும்.”

“அதேவா?”

“அதே. ஒரு எழுத்து மாறாது.”

போனை வைத்துவிட்டேன். முதல் தடவை மறதி என்று வைத்துக்கொண்டிருந்தேனே, எவ்வளவு பைத்தியக்காரி நான். கேட்ட பிறகும், இடம் இருக்கிறது என்று காட்டிய பிறகும், மறுபடி ஒரு வாய்ப்புக் கிடைத்தும் — அதே மேட்டர். அதே. நல்லா இருடா நீ.

ஜூன் 6, வெள்ளி

கடைக்கு லீவு சொன்னேன். ‘மகள்’ முடிந்தது. என் பெயரும் சுத்தமாக முடிந்தது, கடைசி எழுத்தின் கடைசி வளைவைத் தவிர. அதில் உளி எகிறி, மேல்வரியில் பெரியவன் பெயருக்குக் குறுக்கே ஒரு கீறல் போட்டுவிட்டது. நகம் வைத்தால் தட்டுப்படுகிறது.

வேண்டுமென்று செய்யவில்லை. இந்த நோட்டிலேயே பொய் எழுதினால் பிறகு எங்கே உண்மை எழுதுவது?

ஜூன் 7, சனி

மாட்டிவிட்டேன். நாலு திருகாணி. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

புதுத் தகட்டைக் காகிதத்தில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு பெரியவன் வீட்டுக்கு வந்தான். அதை மாட்டப் போன இடத்தில் பழையதைப் பார்த்திருக்கிறான். காபி கொடுத்தேன். குடித்துக்கொண்டே கேட்டான்.

“யார்கிட்டக் குடுத்து வெட்டினே?”

“நான்தான் வெட்டினேன்.”

என் கையைப் பார்த்தான். மேஜைமேல் கிடந்த உளியையும் புத்தகங்களையும் பார்த்தான். உன் பெயரை ஏன் விட்டோம் என்று தெரியவில்லை அக்கா என்பான், குறைந்தபட்சம் நல்லா வந்திருக்கு என்பான் என்று நின்றுகொண்டே இருந்தேன். அவன் டம்ளரை வைத்தான்.

“என் பேருக்குக் குறுக்க ஒரு கோடு விழுந்திருக்குக்கா. அதை எடுக்க முடியாதா?”

முடியாது என்றேன். புதுத் தகட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

எடுக்கலாம். பச்சை அட்டையில், நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், படத்தோடு போட்டிருக்கிறது. அரை மணி நேர வேலை.