அலமாரிக்குச் சூடம் காட்டுகிறார்கள்

பதுளை
ருத்ரோத்காரி வருஷம், ஆனி மாதம்

சிரஞ்சீவி வைரவநாதனுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. இவ்விடம் அப்பாவும் நானும் சுகம், மதராசில் உன் சுகத்துக்கு முருகன் துணை. அப்பாவின் இருமல் குறைந்துவிட்டது, ஹாலிஎலப் பக்கம் ரயில் பாதை வேலை நடப்பதால் கடையில் ஓயாத கூட்டம். சுகச் செய்தி இவ்வளவுதான், இனி எழுதுவதெல்லாம் கோபம். பி.ஏ. சேரப்போவதில்லை, மூன்று மாதப் புத்தகசாலைப் பயிற்சி ஒன்று இருக்கிறது, ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் புத்தகங்களைப் பார்த்துக்கொள்ள அது போதும் என்று எழுதியிருக்கிறாய். வக்கீல் வேலை வேண்டாம், புத்தகசாலை வேலைதான் வேண்டும் என்று நீ சொன்னபோது உன் பெரியப்பா சுந்தரலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார், நான் உன் பக்கம் நின்றேன். இதற்காகவா நின்றேன்? லயத்துக் கூலிக்காரர் பிள்ளைகள் என்றால் அரைகுறைப் படிப்பு போதும் என்று உனக்கு யார் சொன்னது?

போன வருஷம் லீவில் வந்தபோது நீ சேர்த்துக் கொடுத்த புத்தகங்கள் என்ன ஆயின என்று பார்க்க வெள்ளிக்கிழமை அங்கே போனேன். வீரய்யா வாத்தியார் சரஸ்வதி பூஜைக்கு அலமாரியைப் பூட்டிச் சந்தனம் குங்குமம் வைத்தவர்தான், மறுநாள் எடுத்து வாசிக்கவேண்டிய புத்தகங்களை இன்றுவரை வெளியே எடுக்கவில்லை. வெள்ளிதோறும் சூடம் காட்டுகிறார், பிள்ளைகள் வரிசையாக நின்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். கேட்டால், கொழுந்து பறிச்ச கையோட தொட்டா சாமி குத்தமாயிரும்மா என்கிறார். பெரியாயி என்று ஒரு சின்னப் பெண், தொட்டா கண்ணு போயிருமாங்க என்று என்னையே கேட்டாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. திறக்கவைத்துப் பார்த்தால் மார்கழி மழை ஈரத்தில் பாதிப் புத்தகம் பூஞ்சணம் பிடித்து ஒட்டிக் கிடக்கிறது. அவர் கெட்டவர் அல்ல, தோட்டத்துக்கு இது போதும் என்று அவருக்கும் யாரோ கொஞ்சமாகச் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அடுக்கவும் பூட்டவும் மூன்று மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். எந்தப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம் பிடிக்கும் என்று அறிந்து, பயம் தெளிவித்துக் கையில் கொடுக்க நீ நிறையப் படித்திருக்கவேண்டும்.

முதலில் பி.ஏ. முடி, பிறகு அந்தப் பயிற்சிக்குப் போ. அப்பாவுக்கு வயதாகிறது, கடைக்குப் பாரம் என்றெல்லாம் சாக்குச் சொல்லாதே, கடை தாங்கும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, பட்டினி கிடக்காதே, தீர்க்காயுளோடு இரு. பி.ஏ. வகுப்பில் சேர்ந்துவிட்டதாகப் பதில் வரும்வரை பலகாரம் அனுப்பமாட்டேன். இந்தப் பார்சலில் இருப்பது அந்த அலமாரியின் பூட்டு. நம் கடையில் வாங்கியதுதான். வாத்தியாரைக் கேட்காமல் கையோடு எடுத்து வந்துவிட்டேன். உன் மேசைமேல் வைத்துக்கொள், போதும் என்று தோன்றுகிறபோதெல்லாம் அதைப் பார்.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அம்மா
ராமாமிர்தம்