நான் எடுக்காத வகுப்புகள்

ஜூலை 8, 2024

இன்றும் புருஷோத்தமன் சார் வகுப்புக்கு வரவில்லை. இது செய்தியில்லை, மூன்று ஆண்டுகளாக வருவதில்லை. என் ஆய்வு நெறியாளர். என்னைவிட இளையவர். உதவித்தொகை வாங்கும் ஆய்வாளர், இளங்கலை மாணவருக்கு வாரம் சில மணி நேரம் துணைப்பாடம் எடுக்கலாம் என்பது விதி. நான் அவருடைய ஜப்பானிய வகுப்பு முழுவதையும் எடுக்கிறேன். வருகைப்பதிவு அவர் பெயரில் ஏறுகிறது.

வேலை ஆகவேண்டுமென்றால் "அக்கா". அறையில் வெளியாள் இருந்தால் "சசிரேகா, அந்த சேர நகர்த்துங்க."

ஆய்வேட்டை முடித்துக் கொடுத்தது பிப்ரவரியில். "அவசரம் என்னக்கா? இந்த செமஸ்டர் போகட்டும்." நான் சமர்ப்பித்துவிட்டால் அவர் வகுப்பை யார் எடுப்பது?

ஜூலை 19

கடைசி வருடத்தில் ஒருத்தி தேறுவாள் — ரஞ்சனி. மண்ணூர்க்காரி. அப்பா கம்பெனி பஸ் ஓட்டுகிறார்.

"நேத்து அப்பா வண்டில ஒரு ஜப்பான் சார் ஏறனாரு மேம். நான் பேசனேன் பாரு, அப்பா சடன் பிரேக் போட்டுட்டாரு."

ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் மொழிபெயர்ப்பாளர் பயிற்சிக்கான தேர்வில் இரண்டு சுற்று முடித்துவிட்டாள். கிடைத்தால் அப்பாவை பஸ் ஓட்ட வேண்டாம் என்று சொல்வாளாம்.

"சொன்னால் கேட்பாரா?"

"கேக்க மாட்டாரு மேம். சொல்லிப் பாக்கத்தான்."

ஆகஸ்ட் 12

துறையில் ஒரு நிரந்தரப் பணியிடம். மார்ச்சுக்குள் முனைவர் பட்டம் கையில் இருக்க வேண்டும். இருபது வருடம் கம்பெனிகளின் கையேடுகளை மொழிபெயர்த்தேன். பிறகு இயந்திரமே மொழிபெயர்க்க ஆரம்பித்தது. நாற்பத்தைந்தில் இங்கே வந்து சேர்ந்தேன். இது போனால் எனக்கு வேறு கதவு இல்லை.

அவரிடம் கேட்டேன். டிபன் பாக்ஸை என் ஆய்வேட்டின் மேல் வைத்துத் திறந்தார். லெமன் சாதம்.

"பாக்கலாம்க்கா."

ஆகஸ்ட் 27

எதுக்குடி ரஞ்சனி உனக்கு இந்த வேலை? யார் கேட்டா?

ரஞ்சனியும் இன்னும் நான்கு பேரும் டீனுக்கு மனு எழுதியிருக்கிறார்கள். சார் ஒருநாளும் வந்ததில்லை, எல்லா வகுப்பும் எடுத்தது மேடம்தான், அந்த நிரந்தரப் பணியிடத்தை மேடத்துக்கே கொடுங்கள் என்று. முதல் கையெழுத்து அவளுடையது. மாடிப்படியில் பிடித்து நிறுத்தினேன்.

"அந்த சார் மூஞ்ச நாங்க போட்டோலகூட பாத்தது இல்ல மேம். உள்ளதத்தான எழுதிக்கீறோம்?"

"உன்னை யார் கேட்டது?"

"யாரும் கேக்கல. கேட்டாதான் செய்யணுமா இன்னா?"

ஒருவர் நமக்கு நல்லது செய்தால், வேறு காரணம் இருக்கும் என்று தேடுவது என் வழக்கம். தேடினேன். அகப்படவில்லை.

ஆகஸ்ட் 28

புருஷோத்தமன் சார் கதவைச் சாத்தினார். முதல்முறையாக என்னை உட்காரச் சொன்னார்.

"டீன் கூப்பிட்டுக் கேப்பாரு. சந்தேகம் கேட்டா சொல்லிக்குடுத்தேன், அவ்ளோதான்னு சொல்லிடுங்க. அன்னிக்கே உங்க தீசிஸ்ல கையெழுத்துப் போட்டு அனுப்பிடறேன்."

"உண்மையைச் சொன்னால்?"

"எனக்கு ஒரு மெமோ வரும்க்கா. உங்களுக்கு மெமோ வராது. பட்டமும் வராது."

ஆகஸ்ட் 29

ஷேர் ஆட்டோவில் வல்லக்கோட்டை வரை போனேன். முருகன் கோயிலுக்குள் போகவில்லை. என்னவென்று வேண்டிக்கொள்வது?

ஆகஸ்ட் 30

டீன் கண்ணப்பன் அறை. ஐந்து பேரும் சுவரோரம் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே கேட்டார்.

"இவங்களுக்கு நீங்கதான் கிளாஸ் எடுத்தீங்களா மேடம்?"

"இல்லை. சந்தேகம் கேட்டால் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்."

ரஞ்சனி என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. நான் தவறிப்போய்ச் சொல்லிவிட்டேன், இப்போது திருத்திக்கொள்வேன் என்று காத்திருப்பவள்போல.

"மேம்?"

நான் டீனின் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்கு பேர் மன்னிப்புக் கடிதம் எழுதினார்கள். அவள் பேனாவையே தொடவில்லை. "பொய்யே எழுதல. அப்பறம் இன்னாத்துக்கு சார் மன்னிப்பு?"

"வாய் பாரு," என்று டீன் சிரித்தார். சிரித்தபடியே ஒரகடம் கம்பெனிக்குப் போன் செய்து, அடுத்த வாரம் நடக்கவிருந்த கடைசிச் சுற்றிலிருந்து அவள் பெயரை எடுக்கச் சொன்னார்.

நான் அவளை மனு எழுதச் சொல்லவில்லை. மன்னிப்பு எழுதாதே என்றும் சொல்லவில்லை. எழுதியிருந்தா என்ன கொறஞ்சா போயிடும்? அந்த நாலு பேரு எழுதலையா?

செப்டம்பர் 2

கையெழுத்தாகி, ஆய்வேடு போய்விட்டது.

செப்டம்பர் 9

ரஞ்சனி வகுப்புக்கு வரவில்லை. நான் வழக்கம்போல எடுத்தேன்.

மார்ச் 11, 2025

வாய்மொழித் தேர்வு முடிந்தது. புருஷோத்தமன் சார் எனக்குச் சால்வை போட்டு ஒலிபெருக்கியில் பேசினார்: "இவங்களுக்குச் சொல்லிக்குடுக்க எங்கிட்ட ஒண்ணுமே இருந்தது இல்ல." அவர் சொல்லி நான் கேட்ட ஒரே உண்மை. எல்லாரும் அதைப் பணிவு என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

ஜூன் 4

பணியில் சேர்ந்தேன்.

நவம்பர் 13

ஒரகடத்தில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில், உற்பத்தி லைனில் நிற்பவர்களுக்கு அடிப்படை ஜப்பானிய வகுப்பு. பல்கலைக்கழகத்தின் சார்பில் முனைவர் சசிரேகா. கேன்டீனில் நாற்காலி போட்டிருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே நீலச் சட்டை, தொப்பி. பாதி வகுப்புக்குப் பிறகுதான் மூன்றாவது வரிசையில் இருப்பது ரஞ்சனி என்று தெரிந்தது.

காலை வணக்கம். நன்றி. கவனம். நான் சொல்ல, அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். அவளும் சொன்னாள்.

சூப்பர்வைசர் மாரிராஜ் திருநெல்வேலிக்காரர், உற்சாகி. ஒவ்வொருவரையாக எழுப்பித் தனியே சொல்ல வைத்தார். அவள் முறை வந்தது. எழுந்து சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

"ஏ, இந்தப் பிள்ள அப்படியே பிடிச்சிக்கிட்டாளே மேடம்! ஏம்மா, முன்னாடியே படிச்சிருக்கியோ?"

"காலேஜ்ல பீரியடு இருந்துச்சி சார்," என்றாள் அவரிடம். "யாருமே வந்து கிளாஸ் எடுக்கல."

"பாத்தீங்களா மேடம் அநியாயத்த? உங்கள மாதிரி ஒரு ஆள் இருந்திருந்தா, இந்தப் பிள்ள இங்கனயா உக்காந்திருப்பா?"

"ஆமாம்," என்றேன். அடுத்த வாக்கியத்தைப் பலகையில் எழுதினேன்.