மஞ்சளுக்கு மட்டும் மாலை வகுப்பு

ஜனவரி 9, வியாழன்

ஆசிரியர் அறைச் சுவர் இன்று மூன்று நிறமாகிவிட்டது. பிள்ளைக்கு ஓர் அட்டை. வாசிப்புத் தேர்வில் நிச்சயம் தேறுபவர்கள் பச்சை, கொஞ்சம் தள்ளிவிட்டால் தேறக்கூடியவர்கள் மஞ்சள், மற்றவர்கள் சிவப்பு. எங்கள் தலைமையாசிரியர் பூன் ஏணி போட்டுத் தானே ஒட்டினார். எங்கள் சார்ட்டர் உரிமம், அதாவது அரசுப் பணத்தில் தனியாகப் பள்ளி நடத்த நகரம் தரும் அனுமதி, இந்தக் கோடையோடு முடிகிறது. மூன்றாம் வகுப்பில் பாதிப் பேராவது தேறினால்தான் நகரம் மறுபடி ஐந்து வருடம் கொடுக்கும். இல்லாவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

“மஞ்சளைப் பச்சையாக்குங்க, வெர்னெட்டா. மாலை வகுப்பு அவங்களுக்கு மட்டும்.”

“சிவப்பு?”

“தேர்வு முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்.”

மூன்றாம் வகுப்பு என்னுடையது. ஆகவே மாலை வகுப்பும் என் தலையில்தான்.

ஜனவரி 14

எங்கள் பள்ளியின் போன வருட அறிக்கையை மறுபடி படித்தேன். முதல் பக்கம் முழுக்க நாங்கள் யார் என்ற கணக்கு: கறுப்பினப் பிள்ளைகள் இத்தனை விழுக்காடு, லத்தீனோ இத்தனை, இலவசச் சாப்பாடு வாங்குபவர்கள் அநேகமாக எல்லாரும். அடுத்த பக்கத்தில், ‘இத்தகைய மாணவர்களைக் கொண்ட பள்ளிகளோடு ஒப்பிட்டால் பரவாயில்லை’ என்று ஒரு வரி. இத்தகைய என்றால்? நானும் இதே மில்வாக்கி வடபகுதியில் இலவசச் சாப்பாடு தின்று வளர்ந்த இத்தகையவள்தான். எரிச்சலாக வருகிறது.

ஜனவரி 23

என் வகுப்பு நியெமாவின் அம்மா ஒடெஸா நகரப் பேருந்து ஓட்டுகிறாள். இன்று மாலை சீருடையோடு வந்து வகுப்பு வாசலில் நின்றாள்.

“மிஸ் கில்யார்ட், சாயந்திரத்துல தனியா படிக்க வைக்கிறீங்களாமே. எம்பொண்ணு ஏன் இல்ல?”

“இடமில்ல, ஒடெஸா.”

உள்ளே எட்டிப் பார்த்தாள். “நான் பஸ் ஓட்டுறவ மிஸ். காலி சீட்டு எனக்குத் தெரியாதா?”

நியெமாவின் அட்டை சிவப்பு, அதிலும் கடைசி வரிசை. உன் பெண்ணுக்குச் செலவழிக்கும் நேரம் வீண் என்று முடிவு செய்திருக்கிறோம் — இதைப் பெற்றவளிடம் எந்த வாயால் சொல்வது? பார்க்கிறேன் என்றேன்.

“பாருங்க. நல்லாப் பாருங்க,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜனவரி 24

பூனிடம் சண்டை.

“எனக்கு மட்டும் கல்லு நெஞ்சா, வெர்னெட்டா? பள்ளிக்கூடத்த மூடினா சிவப்புப் பிள்ளைங்களுக்கும் சேத்துத்தான் பூட்டு.”

அவர் சொல்வதில் தப்பில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

ஜனவரி 27

நியெமாவை மாலை வகுப்பில் உட்கார வைத்துவிட்டேன். பூன் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 13

ஒடெஸாவுக்கு வாய் சும்மா இருக்காது. பஸ்ஸில் ஏறுகிற அம்மாக்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறாள். சிவப்பு அட்டைப் பிள்ளைகள் பாதிப் பேர் இப்போது மாலை வகுப்பில். யாரைப் போகச் சொல்வது? மஞ்சள் அட்டை ட்ரேவியன் இன்று தூக்கிய கையை இறக்காமலே காத்திருந்தான். அவன் பக்கம் போவதற்குள் மணி அடித்துவிட்டது. “பரவால்ல மிஸ், நாளைக்குக் கேக்கறேன்,” என்றான்.

பூன் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே வரவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 20

நியெமா ஒரு பக்கம் முழுதாக வாசித்தாள். முதல் வகுப்புப் புத்தகம்தான், பன்றிக்குட்டி பனியில் சறுக்குகிற கதை. பக்கம் முடிந்ததும் என்னிடம் கோபித்துக்கொண்டாள். “அவ்ளோதானா? அது வீட்டுக்குப் போச்சா இல்லையா மிஸ்?”

கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். சந்தோஷத்தில்தான்.

ஏப்ரல் 10

கணினித் தேர்வு முடிந்தது. நியெமா தெரிந்ததைச் செய்தாள், மீதிக்கு ஏதோ ஒரு விடையை அழுத்திவிட்டு மேசையில் தலை சாய்த்தாள். ட்ரேவியன் கடைசிவரை திரையைவிட்டுக் கண் எடுக்கவில்லை.

ஜூலை 8

முடிவு வந்தது. பாதியைத் தொடவில்லை. மயிரிழையில் போய்விட்டது.

ட்ரேவியன் ஒரே ஒரு கேள்வியில் தேர்ச்சியைத் தவறவிட்டிருக்கிறான். என்னாலா? ஆமாம், என்னாலும்தான். அந்த மாலைகளில் அவன் பக்கத்தில் நான் இல்லை.

நியெமா இன்னும் சிவப்புதான். மூன்றாம் வகுப்பில்தான் பிள்ளைகளுக்கு முதல் தேர்வு, ஒப்பிட்டுப் பார்க்க முந்தைய மதிப்பெண் கிடையாது. அவள் எங்கிருந்து எங்கே ஏறினாள் என்பதற்கு அறிக்கையில் ஒரு கட்டம்கூட இல்லை. எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும். அது போதுமா? பள்ளிக்கூடம் நடத்தப் போதாது.

ஜூலை 24

நகரம் ஒரு வருடம் மட்டும் கொடுத்திருக்கிறது. பூன் என்னைக் குற்றம் சொல்லவில்லை. “மூச்சு இருக்கு. அது போதும் இப்போதைக்கு,” என்றார். இரண்டு வாரத்தில் கிழடு தட்டிவிட்டது மனுஷனுக்கு.

ஆகஸ்ட் 19

காலையில் ஒடெஸா போன் செய்தாள்.

“மிஸ், நியெமாவ வேற பள்ளிக்கூடத்துல சேத்துட்டேன். உங்க ஸ்கூல் அடுத்த வருஷம் இருக்குமா இருக்காதான்னு யாராலயும் சொல்ல முடியல. இப்பத்தான் வாசிக்க ஆரம்பிச்சிருக்கா, மறுபடி பாதியில எடுத்துட்டு அலைய முடியாது. கோவிச்சுக்காதீங்க.”

“நானா இருந்தாலும் அதத்தான் செய்வேன், ஒடெஸா.”

உண்மையாகவே செய்திருப்பேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. யாருக்காக இவ்வளவும் செய்தேனோ, அவளே இல்லை.

பூனிடம் சொன்னேன். எழுந்து போய் அவளுடைய அட்டையைச் சுவரிலிருந்து எடுத்தார். எடுத்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“கணக்குப்படி பாத்தா சிவப்புல ஒண்ணு குறைஞ்சு நம்ம விழுக்காடு இப்ப ஏறிடுச்சு, வெர்னெட்டா.”

இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

அட்டையை மேசையில் வைத்துவிட்டு, இந்த வருடம் மாலை வகுப்பில் யார் யார் என்று கேட்டார்.

“வர்றவங்க எல்லாரும், நாலாவதுக்குப் போனவங்களும்,” என்றேன். சண்டைக்குத் தயாராகத்தான் சொன்னேன்.

தலையை ஆட்டினார். “செவ்வாயும் வியாழனும் நானும் வந்து உக்காந்துக்கறேன். ட்ரேவியன எங்கிட்ட விடுங்க.”