டெம்போவுக்குத் தூக்கிய கை

4.5.92, திங்கள்
காலையிலேயே வெயில் பிடரியில். தண்ணி லாரி நாள். லாரி இன்றும் வீதிக்குள் வரவில்லை. பனியன் கம்பெனி டெம்போக்கள் வாசல்களை அடைத்து வரிசையாக. மெயின் ரோட்டில் கொஞ்ச நேரம் நின்று லாரி போய்விட்டது. அம்மாவுக்கு இரண்டே குடம். வியாழன் வரை அதுதான்.

எதிர்வீட்டு ஜமீலாக்கா: "ஏந்தம்பி, லாரியத் தூக்கியா உள்ள போடறது?"

கரண்டுக் கம்பத்தில் நகராட்சி நோட்டீஸ். எங்கள் வீதியில் பகலில் சரக்கு வண்டி நிறுத்தத் தடை வருமாம். குடியிருப்போர் கருத்துச் சொல்லலாம். வியாழன் மதியம் மூன்று மணி, பள்ளிக்கூடத்தில்.

மூன்று மணிக்கு இந்த ஊரில் எவன் வீட்டில் இருக்கிறான்? ஒன்றரை ஷிப்ட் முடியவே ராத்திரி எட்டரை.

6.5, புதன்
நாளைக் கூட்டத்துக்குப் போக என் கம்பெனியில் அரை நாள் லீவு கிடைத்தது. சூப்பர்வைசர்: "ஏனப்பா, உனக்கென்ன காரா நிக்குது?" டேபிளில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

அம்மாவிடம் சொன்னேன், பேசப் போகிறேன் என்று. ஒரு சொம்புத் தண்ணீரில் அத்தனை பாத்திரமும் விளக்கிக்கொண்டிருந்தாள்.

7.5, வியாழன்


மூன்றாம் வகுப்பு பெஞ்ச். ஒரு அதிகாரி. வீதியிலிருந்து நான், ஜமீலாக்கா. அவ்வளவுதான். பிறகு வெளியே ஹார்ன். அதே டெம்போ! பனியனில் பழுது பார்க்கும் செக்கிங் பெண்கள் இறங்கினார்கள், தலையெல்லாம் பஞ்சு. எல்லோரும் எங்கள் வீதி. அங்கேயே வேலை பார்க்கும் அம்மாவும்.

கூடவே வந்த கம்பெனி முதலாளி எழுந்தார். மரியாதைக்குக் குறைவே இல்லை. "டெம்போ நிக்கலீன்னா லோடு போகாதுங்க. லோடு போகலீன்னா இவங்க ஊட்டுல அடுப்பு எரியாதுங்க. அவங்களையே கேளுங்க சார்."

தண்ணீரைச் சொன்னேன். கத்தினேன். "தம்பி, உக்காருங்க," என்றார் அதிகாரி. "டெம்போ நிக்கட்டும்ங்கறவங்க கை தூக்குங்க."

தூக்கினார்கள். அம்மா கடைசியாக. என் பக்கம் திரும்பாமல்.

தடை வேண்டாமென்று குடியிருப்போரே சொல்லியாயிற்று. டீ வந்தது, முதலாளி செலவில். நான் குடிக்கவில்லை.

8.5, வெள்ளி
அம்மா சோறு போட்டாள், நான் தொடவில்லை.

"வேலைய விட்டு நிறுத்திப்போட்டா நீ சோறு போடுவியா கண்ணு?"

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். என்னால் முடியாதென்ற கோபமும் அவள் மேலேயே.

11.5, திங்கள்
விடிந்ததும் வெளியே சத்தம். டெம்போ நிற்கும் இடம் முழுக்கக் குடங்கள், சுவருக்குச் சுவர். பக்கத்தில் அன்று கை தூக்கிய அதே பெண்கள். முன்னால் அம்மா.

டிரைவர், தூத்துக்குடிப் பக்கத்து ஆள், ஹார்ன் அடித்து ஓய்ந்து இறங்கினான். "கொடத்த எடுங்கக்கா. மொதலாளி என்னையல்லா ஏசுவாரு."

"தண்ணி புடிச்சுப்போட்டு எடுக்கறமுங்க." அம்மாவின் குரல் உயரவே இல்லை.

டெம்போ பின்னால் போனது. லாரி உள்ளே வந்தது. எங்களுக்கு எட்டுக் குடம். நான்தான் தூக்கி வைத்தேன்.

மதியம் சோற்றுக்கு வந்தால் அம்மா வீட்டில். தூக்குவாளி மூடி திறக்காமல். காலையிலேயே கம்பெனி கேட்டில் திருப்பிவிட்டார்களாம். "உங்கள உள்ள விட வேண்டாம்னுட்டாருங்க," என்றானாம் வாட்ச்மேன். வேலையைப் பிடுங்கும்போதும் ஒரு 'ங்க'. அயோக்கியப் பயல்கள்.

முதலாளியைப் போய்ப் பார்க்கிறாயா என்று கேட்டேன்.

"எதுக்கு? இனி எனக்கென்ன கண்ணு, வியாழக்கிழமை அஞ்சு மணிக்கே கொடத்தக் கொண்டுபோயி வெச்சுருவேன்."