புது மேனேஜர் அம்மா

ஐப்பசி 9, திங்கள்

காலையிலிருந்தே மூட்டம். குறுவை நெல் வரத்து அதிகம், மில் வாசலில் டிராக்டர் வரிசை. பி.பி. மாத்திரை தீர்ந்துவிட்டது.

புது மேனேஜர் செல்வராணி (இனி மே.) வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மயிலாடுதுறையிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். என் மகள் வயது. அந்த நாற்காலி எனக்கு வர வேண்டியது. நான் இன்னும் சூப்பர்வைசர்தான்.

மே.யின் வித்தைகள்: எல்லார் பெயரும் மனப்பாடம். எல்லாருக்கும் டீ வந்த பிறகுதான் தன் கிளாஸைத் தொடுவாள். திட்டுவது அறைக்குள், பாராட்டுவது களத்தில், நாலு பேர் முன்னால்.

எல்லாம் நடிப்பு. நடிப்பென்றால் ஒரு நாளாவது சலிக்க வேண்டாமா?

லோடு ஆள் காத்தமுத்து: "அந்தம்மா இருந்தா வேல செய்யிற அலுப்பே தெரியல சார்." என்னிடமே சொல்கிறான். வயிறு எரிகிறது.

10, செவ்வாய்

மதியம் திடீர் மழை. களத்தில் இரண்டு நெல் குவியல், ஒன்று மோட்டா ரகம், ஒன்று சன்ன ரகம். தார்ப்பாய் போதவில்லை.

"எல்லாத்தையும் தொட்டியில கொட்டிடுங்க, சீக்கிரம்!" மே.தான் கத்தினாள்.

புழுங்கலுக்கு ஊறப்போடும் தொட்டி. சன்னம் சீக்கிரம் ஊறும், மோட்டாவுக்கு நேரம் பிடிக்கும். சேர்த்துப் போட்டால் இரண்டும் பாழ். அவளுக்கும் தெரியும், அவசரத்தில் மறந்துவிட்டாள்.

நான் பக்கத்தில்தான் நின்றேன், குடையோடு. வாயைத் திறக்கவில்லை. ஒரு தடவை விழட்டுமே.

வீட்டில் வாழைக்காய் பஜ்ஜி. நன்றாகச் சாப்பிட்டேன்.

12, வியாழன்

சுள்ளென்று வெயில். அரைத்துப் பார்த்ததில் பாதி குருணை, மீதி அரிசிக்கு நடுவில் சரியாக ஊறாத வெள்ளை. முதலாளி திருக்கடையூரில் அண்ணனின் அறுபதாம் கல்யாணம் முடித்து நேரே வந்தார், பட்டு வேட்டியோடு.

"எவன்டா கலந்தது?"

ஆட்கள் தலைகுனிந்து நின்றார்கள். மே. முன்னால் வந்தாள்.

"நான்தாங்க கொட்டச் சொன்னேன். இவங்க மேல தப்பில்ல."

காத்தமுத்து விடவில்லை, என்னைக் கை காட்டினான். "பாலு சாரும் அங்கதான் நின்னாரு."

"நின்னாரு. சொன்னது நானு."

என் பக்கம் திரும்பக்கூட இல்லை. திரும்பி முறைத்திருந்தால் தேவலை.

சாயங்காலம் ஆட்கள் எல்லாரும் அவளைச் சுற்றி. தப்பு செய்தாலும் நல்ல பேர்! வருஷக்கணக்காகத் தப்பே செய்யாமல் நான் என்னத்தைக் கண்டேன்?

13, வெள்ளி

கரண்ட் இல்லை. முதலாளி தனியாகக் கூப்பிட்டார்.

"அந்தம்மாவ அனுப்பிடறேன் பாலு. மேனேஜர் வேலைய நீங்க பாத்துக்கிறீங்களா?"

எத்தனை நாள் ஆசை! சரிங்க என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வந்ததோ வேறு.

"ரெண்டையும் கலக்கறத நானும் பாத்தேங்க. வேணும்னேதான் சொல்லாம இருந்தேன். தப்பு என்னோடதுந்தான்."

ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"உங்களையே மாத்திடுச்சா அந்தம்மா! அப்ப அதுவே மேனேஜரா இருக்கட்டும்."

வாழ்க்கையில் ஒரு தடவை துணிந்து உண்மையைச் சொன்னேன். அந்தப் பேரும் அவளுக்கே.