நண்டும் நான்காம் வேற்றுமையும்

மார்ச் 4

இன்று பார்வையாளர்கள் குறைவு. ஜெல்லி மீன் தொட்டியின் முன் வெகுநேரம் நின்றுவிட்டேன். நீல வெளிச்சத்தில் அவை குடை விரித்து, குடை மடக்கி, எங்கும் போகாமல் போய்க்கொண்டிருந்தன. இந்த மீன் காட்சியகத்தில் எனக்குத் தொட்டி கழுவி இரை போடும் வேலை. தொட்டிகளுக்கு விளக்கப் பலகை எழுதுகிறவர் ஓய்வு பெறப்போகிறார். அந்த இடத்தைக் கேட்டுப் பார்க்கலாமா? ஆசைக்கென்ன, அதுவும் மிதக்கத்தான் செய்கிறது.

மார்ச் 6

மேலாளரம்மாவிடம் கேட்டேவிட்டேன். "பாப்போம்" என்றார். முகம் சுளிக்கவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நீ எழுதினா மீனே படிக்கும்" என்றார். கிண்டலா, பாராட்டா? இந்த மனுஷருக்கு இரண்டும் ஒரே குரலில்தான் வரும்.

மார்ச் 12

ஐயோ, என் நண்டு.

நேற்று எனக்கு விடுப்பு. என் இடத்தில் இரை போட வரும் நெட்டையண்ணனுக்கு முன்கூட்டியே எழுதிவைத்தேன்: "ஆக்டோபஸுக்குப் பக்கத்துத் தொட்டி நண்டு தின்னக் கொடுக்கவும்."

கொடுத்துவிட்டார். நண்டையே. ஆக்டோபஸ் அதன் ஓட்டை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறது. என்னைக் கண்டாலே கொடுக்கை ஆட்டும் சிவப்பு நண்டு அது.

"நீ எழுதினதைத்தானேம்மா செஞ்சேன்" என்று அவர் கண் கலங்கினார். மேலாளரம்மா இரண்டு முறை படித்தார். "நீ நினைச்சது புரியுது. எழுதினது வேறம்மா." பலகை எழுதும் வேலையைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் பேச்சை எடுக்கவில்லை.

'நண்டுக்கு' என்று எழுதியிருக்க வேண்டும் — விட்டுப்போனது ஒரே ஒரு 'க்கு'. நான்காம் வேற்றுமை உருபு என்று மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் தலைமுழுகியது. அதுல ஒரு உசுரு தொங்குதுன்னு யாரு கண்டா?

மார்ச் 13

சாப்பிடப் பிடிக்கவில்லை.

மார்ச் 20

இப்போதெல்லாம் எழுதியதைத் திரும்பப் படிக்கிறேன். நானாக அல்ல, நெட்டையண்ணனாக. ஈரக் கையோடு, அவசரமாக, என் மனசுக்குள் இருப்பது தெரியாமல். எத்தனை பொத்தல்! சொற்கள் ஒன்றையொன்று கைபிடித்து நிற்காவிட்டால் தண்ணீரில் கலைந்து எங்கெங்கோ போய்விடுகின்றன.

"புரிஞ்சா போதாதா?" என்றார் வீட்டுக்காரர்.

"யாருக்கு?" என்றேன்.

ஏப்ரல் 9

காய்ச்சல். தொண்டை கட்டிக் குரலே இல்லை. வெளியே பேய்மழை. நெட்டையண்ணன் அழைத்தார்: "கரண்ட் போச்சும்மா. ஜெல்லி மீனெல்லாம் அடியில உக்காருது. என்ன செய்ய?" மோட்டார் தள்ளும் நீரோட்டம் நின்றால் ஜெல்லி மீன் மிதக்காது; அதே குழாயில் ஆமைத் தொட்டிக்கும் ஒரு கிளை உண்டு. வாயைத் திறந்தால் எனக்குக் காற்றுத்தான் வந்தது. கைபேசியில் தட்டினேன். அவராகி ஒருமுறை படித்துவிட்டே அனுப்பினேன்:

"பேட்டரி மோட்டாரை ஜெல்லி மீன் தொட்டிக் குழாயோடு இணைக்கவும். ஆமைத் தொட்டிக்குப் போகும் குழாயை மூடிய பிறகே மோட்டாரை ஓடவிடவும்."

காத்திருந்தேன். பிறகு ஒரு சொல் வந்தது: "மிதக்குது."

ஏப்ரல் 15

நெட்டையண்ணன் அந்தச் செய்தியை மேலாளரம்மாவிடம் காட்டியிருக்கிறார். அந்தம்மா என்னை அறைக்கு அழைத்தார். "இதுல திருத்த ஒண்ணுமில்ல. இனி பலகையெல்லாம் உன் பொறுப்பு" என்றார். வெளியே வந்து நண்டுத் தொட்டியின் முன் போய் நின்றேன்.

ஜூன் 3

ஆமைத் தொட்டிக்கு என் பலகையை மாட்டினார்கள். தூண் மறைவில் நின்றேன். ஒருவர் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு உரக்கப் படித்தார்: "நீங்கள் கண்ணாடியைத் தட்டினால் ஆமைக்கு அது இடிபோல் கேட்கும்." தட்ட ஓங்கிய கையை அந்தச் சிறுமி நிறுத்தினாள். பிறகு உள்ளங்கையைக் கண்ணாடியில் மெல்ல வைத்தாள். ஆமை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, அந்தக் கைக்கு நேரே நின்றது.