வெடியுப்பு என்று படிக்கவும்

இன்று காலை எதிர்வீட்டு வாசலில் வேப்பிலை கட்டினார்கள். அந்த வீட்டுப் பிள்ளைக்கு அம்மை கண்டிருக்கிறது. பச்சை வேம்பின் வாடை தெருவைத் தாண்டி என் மேசை வரைக்கும் வந்தது. கையிலிருந்த புத்தகத்தை மூடிவிட்டேன். மாசி முடிந்து பங்குனி பிறக்கிற இந்த நாட்களில் சிவகாசியில் ஏதாவது ஒரு தெருவில் வேப்பிலை தொங்கத்தான் செய்யும். ஒவ்வொரு வருஷமும் நான் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போவேன். இந்த வருஷம் சுற்றிப் போக வழியில்லை. வாசலைத் திறந்தால் அதுதான் தெரிகிறது.

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது உனக்கு எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. நீ வாழ்க்கைப்பட்ட எம். புதுப்பட்டிக்கு இங்கிருந்து தபால் மறுநாளே போய்ச் சேரும். அது தெரிந்துதான் எழுதாமல் இருந்தேன்.

நாம் எஸ்.எஸ்.எல்.சி. படித்த வருஷத்தை நினைத்துக்கொள்கிறேன். நீ விஸ்வநத்தத்திலிருந்து நடந்து வருவாய். காலையில் வீட்டில் வெடிக்குழாய் உருட்டி வைத்துவிட்டு வருவதால் விரல் நுனியில் பசை காய்ந்து வெள்ளையாக இருக்கும். அதை நகத்தால் சுரண்டிக்கொண்டே பாடம் கேட்பாய். விஞ்ஞானப் புத்தகம் உன்னிடம் இல்லை. அதனால்தான் நோட்ஸ் எழுத ஆரம்பித்தாய். எங்கள் அச்சகத்தில் நிறம் விலகி வீணாய்ப் போன தீப்பெட்டி லேபிள் தாள்களை நான் கொண்டுவந்து தருவேன். முன்புறம் வரிசை வரிசையாகக் கிளிகள், பின்புறம் வெறும் வெள்ளை. அந்த வெள்ளையில் உன் சிறிய, நெருக்கமான எழுத்து ஏறும்.

டீச்சர் சொன்னதை அப்படியே எழுதுகிற பழக்கம் உனக்குக் கிடையாது. உராய்வு என்ற பாடத்துக்கு, வெடிமருந்து அறைக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு ஏன் போகக்கூடாது என்பதிலிருந்து ஆரம்பித்திருப்பாய். இங்கிலீஷ் இலக்கணத்தில் எல்லாருக்கும் குழப்பமாயிருந்த ஓர் இடத்தை இரண்டே வரியில் முடித்திருந்தாய்: ‘தொடங்கின நாளுக்கு சின்ஸ், ஆன நாளுக்கு ஃபார். சின்ஸ் தீபாவளி, ஃபார் மூணு மாசம்.’ இன்றைக்கும் இங்கிலீஷில் ஒரு வாக்கியம் எழுதும்போது எனக்கு முதலில் தீபாவளிதான் ஞாபகம் வருகிறது. பி.ஏ. வரைக்கும் படித்து, எத்தனையோ இலக்கணப் புத்தகங்களைப் புரட்டிவிட்டேன். உன் வரியை மிஞ்சி எதுவும் நிற்கவில்லை.

அரைப் பரீட்சையில் நீ முதலாவதாக வந்தாய். அதுவரை அது என் இடம். உனக்கு முதலிடத்தைப் பற்றி அக்கறை இல்லை. தேறினால் விருதுநகரில் ஆசிரியப் பயிற்சியில் சேரலாம், தவறினால் பட்டாசுக் கம்பெனிக்குப் போக வேண்டும், இவ்வளவுதான் உன் கணக்கு. உன் அய்யா ஒரே ஒரு தடவைதான் பரீட்சை எழுத விடுவார் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அதை நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

அந்த மாசியில் எனக்கு அம்மை போட்டது. மூன்று வாரம் பள்ளிக்கூடம் கிடையாது. சொந்தக்காரர்கள்கூட வாசலோடு நின்று விசாரித்துவிட்டுப் போனார்கள். நீ மட்டும் பள்ளிக்கூடம் விட்டதும் பக்கத்துச் சந்து வழியாக வந்து சன்னலுக்கு வெளியே நிற்பாய். உனக்கு ஒட்டிக்கொள்ளுமே என்று அம்மா பதறியபோது, உனக்குச் சின்ன வயதிலேயே போட்டுவிட்டது, ஆத்தா ஒரே ஆளிடம் இரண்டு தரம் வரமாட்டாள் என்று சொல்லிச் சிரித்தாய். அன்றன்றைய பாடத்தைச் சொல்வாய். கடைசியில் ஒரு நாள் நோட்ஸ் கட்டு முழுவதையும் கம்பி வழியாக உள்ளே தள்ளினாய்.

“படுத்துக்கிட்டே படி. பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கையில குடுத்தாப் போதும்” என்றாய்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு, பரீட்சைக்குப் பத்து நாள் என்று நீ சொன்ன கெடு வந்தது. நான் தரவில்லை. இன்னும் ஒரு நாள் பார்த்துவிட்டுத் தரலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். உன் நோட்ஸைப் படிக்கப் படிக்க, இது கையில் இருந்தால் நான்தான் முதல் என்று தெரிந்தது. இது உன் கைக்குத் திரும்பினால் நான் முதல் இல்லை என்பதும் தெரிந்தது. மறுநாள் நீ வாசலில் வந்து நின்றாய். உன்னைப் பார்த்ததும், யோசிக்காமலே அந்தப் பொய் வாயில் வந்துவிட்டது.

அம்மை கண்ட அறையில் இருந்த பாய், துணி எல்லாவற்றையும் அம்மா எரித்துவிட்டாள், அதோடு உன் தாள்களும் போய்விட்டன என்றேன். பாயையும் துணியையும் எரித்தது நிஜம். உன் தாள்கள் என் டிரங்குப் பெட்டியில், பட்டுப் பாவாடைக்கு அடியில் இருந்தன.

நீ அழுவாய் என்று நினைத்தேன். திட்டுவாய், எங்கள் அம்மாவைக் கேட்பாய் என்றுகூட நினைத்தேன். நீ கன்னத்தில் போட்டுக்கொண்டாய்.

“ஆத்தா கேட்டிருக்கா, எடுத்துக்கிட்டா. நீ பொளச்சு எந்திரிச்சயே, அது போதும் புள்ள.”

அடுப்படி நிலையில் நின்றிருந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டாள். என்னைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு செம்பு மோர் கொண்டுவந்து உன்னிடம் கொடுத்தாள்.

அதற்குமேல் ஒன்று செய்தேன். அதைச் சொல்லத்தான் இன்னும் கூசுகிறது. என் விஞ்ஞானப் புத்தகத்தை உனக்கு இரண்டு நாள் இரவல் கொடுத்தேன். அட்டை போட்ட புத்தகம், பத்திரமாகக் கொண்டுவா என்று சொல்லிக் கொடுத்தேன். நீ அதற்கு நன்றி சொன்னாய். உனக்கு ஏதோ உபகாரம் செய்துவிட்டதுபோல அன்றைக்கு என் மனசு லேசாக இருந்தது.

ரிசல்ட் பேப்பரில் வந்தது. அப்பா என் எண்ணைக் கண்டுபிடித்து உரக்கப் படித்தார். நான் உன் எண்ணைத் தேடினேன். அதற்கு முந்தின எண் இருந்தது, பிந்தின எண் இருந்தது. விஞ்ஞானத்தில் ஆறு மார்க் குறைந்து போயிற்று என்று பின்னால் கேள்விப்பட்டேன். செப்டம்பரில் திரும்ப எழுதலாம் என்று டீச்சர் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார்களாம். உன் அய்யா தாம் சொன்ன சொல்லில் நின்றுவிட்டார். நான் மதுரையில் காலேஜுக்குப் போனேன். நீ லேபிள் ஒட்டப் போனாய். இரண்டு வருஷத்தில் எம். புதுப்பட்டியில் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணத்துக்கு நான் வரவில்லை. பரீட்சை என்று எழுதிப் போட்டேன். பரீட்சை அடுத்த மாதம்தான்.

இத்தோடு முடிந்திருந்தால்கூட, சிறுபிள்ளைப் பொறாமை என்று ஒரு பேர் வைத்து மறந்திருப்பேனோ என்னவோ. படிப்பு முடிந்து நான் வீட்டில் இருந்தபோது, காலண்டர் சீசன் முடிந்து மிஷின் சும்மா கிடக்கிறது, எஸ்.எஸ்.எல்.சி. பிள்ளைகளுக்கு ஒரு நோட்ஸ் எழுதிக்கொடு என்று அப்பா கேட்டார். டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். கிளிகள் நிறம் மங்காமல் இருந்தன. பதினைந்து நாளில் அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். அட்டையில் ‘அனுபவமிக்க ஆசிரியர் குழுவினர் எழுதியது’ என்று போட்டோம். குழு என்று இருந்தது நான் ஒருத்தி. நிஜத்தில் நீ ஒருத்தி.

புத்தகம் கடைக்குப் போன சில வாரத்தில் ஒரு முற்பகல் நீ எங்கள் அச்சகத்துப் படியேறி வந்தாய். உடம்பு மெலிந்திருந்தது. கையில் அந்தப் புத்தகம். உன் நாத்தனார் எஸ்.எஸ்.எல்.சி. படிக்கிறாள், அவளுக்காக வாங்கினாயாம்.

“நல்லாயிருக்கீகளா?” என்று என்னைக் கேட்டாய். வேலையாட்கள் சுற்றி நிற்பதால் வந்த மரியாதை என்று முதலில் நினைத்துக்கொண்டேன்.

முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு தப்பு இருக்கிறது என்று சொல்லி விரல் வைத்துக் காட்டினாய். எங்கள் ஃபோர்மன் புத்தகத்தை வாங்கிச் சத்தமாகப் படித்தார். வெடிமருந்தில் சேரும் பொருள்கள்: கரி, கந்தகம், உப்பு.

“கொஞ்சம் புளியும் சேத்தா ரசம் வச்சிரலாமே” என்றார். அச்சுக் கோர்ப்பவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய்.

சிவகாசிக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. உப்பு லோடு வந்திருக்கிறது என்றால் இங்கே யாருக்கும் சமையல் ஞாபகம் வராது. நமக்கு உப்பு என்றாலே வெடியுப்பு. நீ உனக்காக எழுதிக்கொண்டதால் அப்படி எழுதியிருந்தாய். நான் அதைப் பார்த்து எழுதினேனே ஒழியப் படித்துப் பார்க்கவில்லை. வெளியூர்ப் பிள்ளைகளுக்கு இது எப்படித் தெரியும், சோற்றுப்பு என்றுதானே பரீட்சையில் எழுதிவிட்டு வரும் என்று ஃபோர்மனிடம் கவலையாகச் சொன்னாய். அவர் புத்தகத்தோடு உள்ளே போனார். நீ என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாய்.

“இது உங்க தப்பு இல்ல. எளுதினவ தப்பு. அன்னைக்கு அவசரத்துல எளுதினது.”

அவ்வளவுதான் சொன்னாய். தாள்கள் எரியவில்லை என்பது உனக்குத் தெரிந்துவிட்டது. உனக்குத் தெரிந்ததை எனக்கும் தெரிவித்துவிட்டாய். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தேன். வந்தது, “மோர் குடிக்கிறயா?” என்ற கேள்வி. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாய். வாசல்படியில் இறங்கும்போது திரும்பிப் பார்த்தாய்.

“கண்ணாடி வேற போட்டிருக்க. புரூஃப ஒளுங்காப் பாக்கக் கூடாதா?”

‘ழ’ உனக்குக் கடைசிவரை வரவில்லை. ஆனால் அந்த ஒரு வரிக்கு மட்டும் நீ என்னை மறுபடி நீ என்றாய்.

அன்று பிற்பகலே பிழைத்திருத்தம் அடிக்கச் சொன்னேன். ‘31ஆம் பக்கத்தில் உப்பு என்பதை வெடியுப்பு என்று படிக்கவும்.’ விற்காமல் இருந்த பிரதிகளில் எல்லாம் நானே உட்கார்ந்து ஒட்டினேன். அந்தத் துண்டுத் தாளில் இன்னும் இரண்டு வரிக்கு இடம் இருந்தது.

பரீட்சை முடியட்டும், உன்னை வந்து பார்க்கிறேன் என்று நினைத்தேன். பிறகு ஆடி கழியட்டும் என்று நினைத்தேன். பிறகு சீசன். ஐப்பசியில் உனக்குக் காமாலை கண்டு, பதினைந்து நாள் கிடந்து, போய்விட்டாய். லேபிள் வாங்க வந்த ஒருவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அதற்குள் உன் பதினாறாம் நாளும் கழிந்திருந்தது.

போன மாதம் உன் நாத்தனார் வந்தாள். விருதுநகரில் ஆசிரியப் பயிற்சியில் படித்துக்கொண்டிருக்கிறாள். லீவுக்கு ஊருக்கு வந்தவள் என்னைப் பார்த்துவிட்டுப் போக வந்ததாகச் சொன்னாள். நீ என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பாயாம். கதை கேட்கிற ஆசையோடு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

“இந்த நோட்ஸ் நீங்க ரெண்டு பேரும் சேந்து எழுதினதாம்ல? ஒங்களுக்கு அம்மை போட்டிருந்தப்ப அண்ணி சன்னலுக்கு அங்கன நின்னு சொல்ல, நீங்க படுத்துக்கிட்டே எழுதினீகளாம். அண்ணி அம்புட்டு ரசிச்சுச் சொல்வாக.”

எத்தனை நாள் யோசித்து இந்தக் கதையைக் கட்டினாய்? யாருக்காகக் கட்டினாய்? உனக்காக இருக்க முடியாது.

நான் சொல்லிவிட்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன்.

“இல்லம்மா. ஒரு வரி விடாம ஒங்க அண்ணி எழுதினது. நான் அத ஒளிச்சு வச்சுக்கிட்டு, எரிஞ்சு போச்சுன்னு அவகிட்டப் பொய் சொன்னேன். அதனாலதான் அவ பரீட்சையில தவறிட்டா.”

அவள் முகம் மாறும் என்று காத்திருந்தேன். அவள் தலையைச் சாய்த்துப் புன்னகை செய்தாள்.

“நீங்க இப்படித்தான் சொல்வீகன்னு அண்ணி அப்பவே சொல்லியிருக்காக. பழி அம்புட்டையும் தன் மேல போட்டுக்கிட்டு, பெருமைய எனக்கு விட்டுக்குடுக்கும், அந்தப் புள்ள அப்படின்னு.”

மறுத்துப் பேசப் பேச அவளுக்கு என் மேல் மரியாதை கூடிக்கொண்டே போனது. நான் நிறுத்திவிட்டேன். உன் பேச்சை அவள் நம்பினாள், என் பேச்சை நம்பவில்லை. அதில் அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

போகும்போது, ஆசீர்வாதம் பண்ணுங்க என்று குனிந்து என் காலைத் தொட்டாள். உன் காலைத் தொட்டிருக்க வேண்டிய கை. நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை.